ஆல்ப்ஸில் ராஜவிருந்து, பாதாளத்தில் கழிவறை

ஸ்கீ பூட்ஸின் அடித்தட்டை மாற்றிக்கொண்டு வந்த கையோடு இதை எழுதுகிறேன். அந்த பூட்ஸுக்கு அடியில், முன்னாலும் குதிகாலிலும் கழற்றி மாட்டுகிற தட்டுகள் உண்டு. அவை தேய்ந்துவிட்டால், பூட்ஸைச் சறுக்குப் பலகையோடு பிடித்துவைக்கிற பைண்டிங்கில் சரியாக உட்காராது; விழும்போது கழல வேண்டியது கழலாமல் காலை முறித்துவிடலாம். கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சறுக்கினால் இப்படித் தேயாது, எங்கே இவ்வளவு நடந்தீர்கள்?" என்று கேட்டார். ஆல்டா பாடியாவின் மலை உணவகங்களில், கழிவறைக்கு இறங்குகிற கற்படிகளில். வேறெங்கே?

அதே வாரம் நண்பன் ஒருவன் போனில் கேட்டான்: "உண்மையைச் சொல்லு, அவ்வளவு காசு கொடுத்துப் போற அளவுக்கு அங்க என்னடா இருக்கு?"

சரி, சொல்கிறேன்.

இத்தாலியின் வட எல்லையை ஒட்டிய டோலமைட்ஸ் மலைகளில் கொர்வாரா, சான் கசியானோ, லா வில்லா என்று சில ஊர்கள். இவை சேர்ந்ததுதான் ஆல்டா பாடியா. மியூனிக்கில் வேலை பார்க்கிறவனுக்கு பிரென்னர் கணவாயைத் தாண்டினால் சாப்பாட்டு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். குளிர்காலம்தோறும் போகிறோம். அறை எப்படி, நீச்சல்குளம் எப்படி என்று எழுதப் போவதில்லை. நன்றாகத்தான் இருக்கும், வாங்குகிற காசுக்கு இல்லாமல் போகுமா? சறுக்குகிறவர்களை மலைமேல் ஏற்றிவிடுகிற லிஃப்டுக்கு ஒரு நாள் பாஸே 80 யூரோவைத் தாண்டிவிட்டது. அந்த ஒரே பாஸில் 12 பகுதிகள், 1,200 கிலோமீட்டர் சறுக்குப்பாதை. அதில் பத்தில் ஒரு பங்கைக்கூட ஒரு வாரத்தில் பார்த்து முடிக்க எங்களால் ஆகவில்லை, ஏனென்றால் நடுவில் சாப்பாடு வந்துவிடுகிறது.

சாப்பாட்டுக்கு வருகிறேன். முதல் உலகப்போர் முடியும்வரை இது ஆஸ்திரியா. பிறகு இத்தாலி. இரண்டுக்கும் முன்னாலிருந்தே இங்கே இருப்பவர்கள் லதீன் என்கிற தனி மொழி பேசும் மலைவாசிகள், இன்றும் பள்ளியிலும் கடையிலும் அதைப் பேசுகிறார்கள். அதனால் ஒரே உணவுப் பட்டியலில் ரொட்டி உருண்டை கனெதெர்லியும் இருக்கும், வெண்ணெயில் புரட்டிய பாஸ்தாவும் இருக்கும், லதீன் பாட்டிகளின் துர்த்ரெஸும் இருக்கும். துர்த்ரெஸ் என்பது கிட்டத்தட்ட பூரிக்குள் கீரையும் ரிக்கோட்டாவும் வைத்துப் பொரித்த மாதிரி. என் மனைவி சுத்த சைவம். பெரிய ஊர்களின் விலையுயர்ந்த உணவகங்களில் வறுத்த பீட்ரூட்டைத் தட்டின் நடுவில் வைத்து ஏமாற்றப்பட்டவள், இங்கே மலைமேல் ஒரு மரக்குடிலில் மூன்றாவது துர்த்ரெஸ் கேட்டாள். ஒன்று மட்டும் கவனம்: பார்லி சூப் பார்க்கச் சைவம் மாதிரி இருக்கும், பெரும்பாலும் புகையிட்ட பன்றி இறைச்சி போட்டே கொதித்திருக்கும். பார்மிஜானோ சீஸுக்குப் பாலைத் திரிக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னட்தான் போடுகிறார்கள். அந்த விஷயத்தில் கண்டிப்பாக இருப்பவர்கள் கேட்டுக்கேட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

பெரிய பெயர் என்றால் நோர்பெர்ட் நீடர்கோஃப்லர். சான் கசியானோவில் செயின்ட் ஹுபெர்ட்டஸ் உணவகத்தை நடத்தி 2017இல் மூன்றாவது மிச்செலின் நட்சத்திரம் வாங்கியவர்; உணவகங்களுக்கான அந்தத் தரவரிசையில் மூன்றுதான் உச்சம். மலையில் விளைவது மட்டுமே தட்டில் என்பது அவர் கொள்கை. ஆலிவ் எண்ணெய் கிடையாது, எலுமிச்சை கிடையாது. புளிப்பு வேண்டுமென்றால் நொதிக்க வைத்து எடுத்துக்கொள்வார். இத்தாலியில் இருந்துகொண்டு ஆலிவ் எண்ணெயைத் தள்ளிவைக்க ஒரு தில் வேண்டும். 2023இல் அந்த உணவகம் மூடப்பட்டது. அவர் இப்போது புரூனிக்கோவில், பழைய கம்பளி ஆலை ஒன்றின் மாளிகையில் நடத்துகிறார். அங்கேயும் மூன்று நட்சத்திரம். ஆனால் நாள் முழுக்கச் சறுக்கிவிட்டு இரவில் வளைந்து வளைந்து அவ்வளவு தூரம் கார் ஓட்டிக்கொண்டு போவது எனக்கு ஒத்துவரவில்லை.

இரவுச் சாப்பாட்டில் எனக்குள்ள பிரச்சினையும் அதுதான். ஹோட்டலில் அறை வாடகையோடு இரவு விருந்தும் சேர்ந்தே வரும். ஏழரைக்கு உட்கார்ந்தால் ஐந்து வகை. இரண்டாவது வகையில் நாக்கு விழித்திருக்கும், மூன்றாவதில் கண் சொருகும், நான்காவதாக வருகிற மான்கறிக்கு யார் நியாயம் செய்வது? மத்தியானம் மலையில் சாப்பிடுவதுதான் விருந்து. ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் பெயர்பெற்ற சமையல்காரர்கள் வந்து, ஒரு குடிலுக்கு ஒரு பதார்த்தம் என்று அமைத்துக் கொடுக்கிறார்கள். வெயில், பசி, 2,000 மீட்டர் உயரம். அங்கே சாப்பிட்டதில் பாதி ருசி சமையல்காரருடையது, மீதி ருசி பசியுடையது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ருசிக்கத்தான் செய்கிறது. மதுவில் மட்டும் அளவு வேண்டும்: 2022 முதல் இத்தாலியில் குடித்துவிட்டுச் சறுக்கினால் அபராதம்.

இப்போது அந்தக் கற்படிகளுக்கு வருகிறேன்.

ஸ்கீ பூட்ஸில் கணுக்கால் மடங்காது. கெட்டி பிளாஸ்டிக் ஓடு, நான்கு பக்கிள், உடம்பை முன்னால் சாய்த்தே வைத்திருக்கும் வடிவம். சரிவில் அந்தச் சாய்வுதான் நம்மைக் காப்பாற்றும். படியில் இறங்கும்போது அதே சாய்வு தலைகுப்புறத் தள்ளப் பார்க்கும். அடியில் இறுகி ஒட்டிய பனி, அதன் கீழே வழவழப்பான கல், கல்மேல் நமக்கு முன்னால் போனவர்கள் விட்டுச்சென்ற தண்ணீர். பக்கிளையெல்லாம் தளர்த்திவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டாகத் திரும்பி ஒவ்வொரு படியாக இறங்க வேண்டும். அதே குறுகிய படியில் எதிரே ஆட்கள் ஏறிவருவார்கள். அவர்களும் அதே கம்பியைத்தான் பிடித்திருப்பார்கள். யார் கையை விடுவது?

ஏன் கீழே வைக்கிறார்கள் என்பது புரியாமல் இல்லை. குடில்கள் சரிவில் பாதி புதைந்து நிற்கின்றன. மலை தெரிகிற தளத்தில் மேசை போட்டால் காசு, கழிவறை கட்டினால் காசு வருமா? தண்ணீர்க் குழாயும் மண்ணுக்குள் இருந்தால் உறையாமல் இருக்கும். எல்லாம் நியாயம்தான். ஆனால் ஒரு புட்டி ஒயினுக்கு மூன்று இலக்கத்தில் விலை போடத் தெரிந்தவர்களுக்கு, அந்தப் படியில் ஒரு ரப்பர் விரிப்புப் போடத் தெரியாதா? பூட்ஸைக் கழற்றிவிட்டுப் போகலாமே என்பவர்கள், குளிரில் இறுகிய பிளாஸ்டிக்குக்குள் காலைத் திரும்ப நுழைத்துப் பார்த்ததில்லை.

இந்த ஜனவரியில் ஒரு குடிலில், பெயர் வேண்டாம், கடைசிப் படிக்கு முந்தின படியில் வழுக்கி உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பது மரியாதைக்காக. பணிப்பெண் ஓடிவந்து துணியில் பனிக்கட்டி சுற்றிக் கொடுத்தார், உரிமையாளர் கிராப்பா என்கிற திராட்சைச் சாராயம் ஊற்றிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. குறை சொல்ல முடியாத மனிதர்கள். நான் கைசர்ஷ்மாரனை, அதாவது பிய்த்துப்போட்ட இனிப்பு முட்டை அப்பத்தை, நின்றுகொண்டே சாப்பிட்டேன். நின்று சாப்பிட்டும் அது பிரமாதமாக இருந்தது என்பது எரிச்சலை இன்னும் கூட்டியது.

இப்போது போட்டிருப்பது கிரிப்வாக் என்கிற, லேசாக வளைந்த ரப்பர் அடி. பைண்டிங் அதற்கு ஒத்துவருமா என்று பார்த்துத்தான் மாட்ட வேண்டும். ஏறுவதற்கு நல்ல மாற்றம் தெரிகிறது. இறங்குவதற்கு, கணுக்கால் மடங்காதவரை எந்த ரப்பராலும் ஒன்றும் ஆகாது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். லகட்சுவோய் மலைக்கு, 2,752 மீட்டருக்கு, கேபிள் காரில் போய் அங்கிருந்து சான் கசியானோ பக்கம் இறங்கினால் சுமார் எட்டு கிலோமீட்டர். உறைந்த அருவிகள், செம்பழுப்புப் பாறைச் சுவர்கள், நடுவழியில் கறி சுடுகிற ஒரு குடில். கடைசியில் நிலம் சமதளமாகிவிடும், சறுக்க முடியாது. அங்கே இரண்டு குதிரைகள் நிற்கும். பின்னால் நீளக் கயிறு. வரிசையாகப் பிடித்துக்கொண்டால் குதிரைகள் எல்லோரையும் இழுத்துக்கொண்டுபோய் அடுத்த லிஃப்ட் பக்கம் விடும். கோடீஸ்வரரும் அதே கயிறுதான், என் மகளும் அதே கயிறுதான். இந்தப் பயணங்களில் எனக்கு அதைவிடப் பிடித்தது வேறில்லை. அதற்குத் தருகிற காசும் வெறும் சில்லறை.

மதிப்பெண் கேட்டால், 10க்கு 6. மேலே இவ்வளவு புகழ்ந்துவிட்டு இதென்ன 6 என்றால், இடுப்பு வலி இன்னும் போகவில்லை, அதனால் 6. வலி போனபிறகு கேட்டால் 9 சொல்வேனோ என்னவோ.

நண்பனுக்குத் தனியாக: நீ ஸ்கீ கற்றுக்கொள்ள வேண்டும் என்று இன்னும் முடிவு செய்யவில்லை என்றால் குளிர்காலத்தில் போகாதே. ஜூலையில் போ. லிஃப்டுகள் ஓடும், முக்கியமான குடில்கள் திறந்திருக்கும், துர்த்ரெஸ் கிடைக்கும். சாதாரண ஷூ போட்டுக்கொண்டு எத்தனை முறை வேண்டுமானாலும் கீழே போய்விட்டு வரலாம். ஸ்கீதான் வேண்டும் என்று உன் பையன் அடம்பிடித்தால் போன் பண்ணு, எந்தக் குடிலில் கழிவறை மேல்தளத்தில் இருக்கிறது என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். சின்னப் பட்டியல்தான்.