நிறம் மாறிய மீன்: தொட்டிக்கே மருந்தா, தனித்தொட்டியில் கவனிப்பா?

நேற்று இல்லாத ஒரு புள்ளியோ வெளிறலோ இன்று மீனின் உடலில் தென்பட்டால், வளர்ப்பவர் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. நோய்தான் என்று முடிவுகட்டிப் பெரிய தொட்டியிலேயே மருந்தை ஊற்றுவது ஒன்று. நீரைச் சோதித்துவிட்டு, அந்த மீனை மட்டும் தனித்தொட்டிக்கு மாற்றி, மாற்றம் பரவுகிறதா, நிற்கிறதா, மறைகிறதா என்று கவனிப்பது மற்றொன்று. நான் இரண்டாவதையே வழக்கமாக்கிக் கொண்டவன். இந்த அலசலும் அந்தப் பக்கமே சாயும்.

முதல் வழியின் வசதி வெளிப்படையானது: செலவு குறைவு, வலையோடு மீனைத் துரத்த வேண்டியதில்லை. வெண்புள்ளி நோய் உறுதியானால் அதுவே சரியான வழியும்கூட. உப்புக் கல்லைத் தூவியதுபோல உடலிலும் துடுப்பிலும் புள்ளிகளை உண்டாக்கும் அந்த ஒட்டுண்ணி, மீனை விட்டு இறங்கித் தொட்டியின் அடியில் பெருகி, மீண்டும் நீந்தி வந்து ஒட்டிக்கொள்கிறது. நீந்தும் பருவத்தில் மட்டுமே மருந்து அதைக் கொல்லும் என்பதால், ஒரு மீனை மட்டும் வெளியே எடுப்பது போதாது.

ஆனால் தென்படுவது நோய்தானா என்பதே முதல் கேள்வி. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் தங்கமீனின் செவுள் மூடியிலும் மார்புத் துடுப்பின் முன்விளிம்பிலும் வெண்மையான சிறு முண்டுகள் தோன்றும். அவை ஒழுங்காக அமைந்திருக்கும், அந்த இடங்களைத் தாண்டி வால்வரை சிதறிக் கிடப்பதில்லை, மீனும் கற்களில் உடலைத் தேய்ப்பதில்லை. நியான் டெட்ராவின் நீலப் பட்டை இருளில் மங்கி, விளக்கு எரிந்த சிறிது நேரத்தில் மீண்டும் ஒளிரும். மார்பிள் வகை ஃபைட்டர் மீன் வாழ்நாள் முழுவதும் நிறம் மாறிக்கொண்டே இருக்கலாம். ஏஞ்சல் மீனின் கறுப்புப் பட்டைகள் அதன் மனநிலைக்கேற்ப அடர்ந்தும் வெளிறியும் தெரியும். இளம் தங்கமீன் வெண்கல நிறத்திலிருந்து ஆரஞ்சுக்கு மாறுவது வளர்ச்சி. இவற்றில் எதற்கும் மருந்து வேண்டாம்.

வேண்டாத மருந்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். என் சாய்வுக்கு முழுக் காரணமும் இங்கேதான் இருக்கிறது. ஃபில்டரில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்களே மீன்கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. மெத்திலீன் புளூவும் சில ஆன்டிபயாட்டிக் மருந்துகளும் அவற்றையே அழித்துவிடக்கூடும். அம்மோனியா ஏறினால் செவுள் சிவக்கும், மீன் மேற்பரப்பில் மூச்சுக்குத் திணறும், நிறம் மங்கும். அம்மோனியா சுட்ட புண் ஆறும்போது தங்கமீனின் உடலில் கறுப்புத் திட்டுகள் வரும். நைட்ரைட் ஏறினாலோ இரத்தமே பழுப்பாகிச் செவுளும் பழுப்பேறும். அதாவது, நிறமாற்றத்தைக் கண்டு ஊற்றிய மருந்தே புதிய நிறமாற்றங்களை உண்டாக்குகிறது. அதன்பின் எது பழைய அறிகுறி, எது மருந்தால் வந்தது என்று பிரித்தறிய வழியில்லை. அழிந்த பாக்டீரியாக் கூட்டம் திரும்பப் பெருகி நிலைபெறப் பல வாரங்கள் ஆகும். அத்தனை வாரமும் நீரைச் சோதிப்பதும் மாற்றுவதுமாகப் படும் பாடு, ஒரு சிறு தொட்டியைப் பராமரிப்பதைவிட நிச்சயமாக அதிகம். செம்பு கலந்த மருந்து என்றால் இறாலும் நத்தையும் மிஞ்சாது.

தனித்தொட்டிக்கும் பராமரிப்பு உண்டு. சிறிய நீரளவில் அம்மோனியா விரைவாக ஏறுவதால், பெரிய தொட்டியிலேயே முன்கூட்டி ஓடவிட்டுப் பழக்கிய ஸ்பாஞ்ச் ஃபில்டரும், அடிக்கடி நீரில் ஒரு பகுதியை மாற்றுவதும் கட்டாயம். மணல் போடாத வெளிர்நிறத் தொட்டியில் பல மீன்கள் தாமாகவே வெளிறும், ஏனெனில் சுற்றுப்புறத்துக்கேற்பத் தோலின் நிறமிகள் சுருங்கிக்கொள்கின்றன. ஆகவே தொட்டியின் அடியிலும் பின்னாலும் அடர்நிறத் தாளை ஒட்டுவது நல்லது. இடம் மாறிய அதிர்ச்சியும் நிறத்தைக் குறைப்பதால், முதல் நாள் நிறத்தை நான் கணக்கில் எடுப்பதேயில்லை. மறுநாள் முதல் ஒரே விளக்கொளியில் படம் எடுத்து ஒப்பிட்டால் கண்ணின் ஊகம் குறையும். நிறத்தோடு பசி, மூச்சின் வேகம், துடுப்பை விரிக்கிறதா ஒடுக்குகிறதா என்பவற்றையும் பார்க்க வேண்டும்; இவை மூன்றும் சீராக இருந்தால் பெரும்பாலும் அவசரமில்லை. வெல்வெட் நோயின் பொன்தூள் போன்ற படலம் மட்டும் நேரொளியில் தப்பிவிடும். இருட்டில் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தால்தான் தெரியும்.

காத்திருப்பது எல்லா இடத்திலும் பொருந்தாது. வாயோரத்திலோ முதுகுத் துடுப்பைச் சுற்றியோ சாம்பல் வெண்மையாகத் தோன்றும் காலம்னாரிஸ், பூஞ்சை போலத் தெரிந்தாலும் பாக்டீரியாவால் வருவது. வெதுவெதுப்பான நீரில் ஓரிரு நாளிலேயே மீனைக் கொல்லக்கூடியது. அங்கே தனித்தொட்டி கவனிப்பதற்கு அல்ல, அதிலேயே உடனடியாக மருந்து தொடங்குவதற்கு. என் பழக்கம் நன்னீர் மீன்களோடு மட்டுமே என்பதால், கடல்மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் இவற்றை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். விளக்கொளியிலும் திரும்பாத வெளிறல் நியான் டெட்ராவில் திட்டுத்திட்டாகப் பரவி, முதுகெலும்பும் வளையத் தொடங்கினால், அது நியான் நோயாக இருக்கலாம். அதற்கு நம்பத்தக்க மருந்து இல்லாததால், அந்த மீனைப் பிரித்து வைப்பது மற்ற மீன்களைக் காப்பதற்காக மட்டுமே.