லோக்கலா கிளவுடா: ஏஐ ஏஜென்ட்டை எங்க ஓட்டுனா நம்ம டேட்டா தப்பிக்கும்?

ரெண்டு வாரமா இதையேதான் நோண்டிட்டு இருக்கேன். மெயில் படிக்க, ஃபைல் ஒழுங்கு பண்ண ஒரு ஏஜென்ட் வேணும், அதை லேப்டாப்லயே ஒல்லாமா (ஏஐ மாடலை நம்ம மெஷின்லயே ஓட்டற சாஃப்ட்வேர்) மாதிரி எதையாவது போட்டு ஓட்டலாமா இல்ல கிளவுட்ல விட்டுடலாமா?

லோக்கல்னா டேட்டா வெளிய போகாது, நிம்மதினு தோணும். ஆனா விண்டோஸ்ல வந்த மைக்ரோசாஃப்ட் ரீகால் கதை ஞாபகம் இருக்கா? 2024 மே மாசம் அறிவிச்சாங்க, சில செகண்டுக்கு ஒரு தடவை ஸ்கிரீனை படம் புடிச்சு வைக்கும், எல்லாம் உங்க மெஷின்லயேதான்னு சொன்னாங்க. ஆளுங்க உள்ள போய் பாத்தா அதுல இருந்த எழுத்தெல்லாம் பூட்டு எதுவும் இல்லாத சாதாரண டேட்டாபேஸ் (எஸ்க்யூலைட்) ஃபைல்ல கிடக்கு, உங்க லாகின்ல ஒரு மால்வேர் ஓடினா அள்ளிட்டு போயிடலாம். அப்புறம் தள்ளி வச்சு, என்க்ரிப்ட் பண்ணி, நாமளே ஆன் பண்ணாதான் வேலை செய்யும்னு மாத்தி 2025 ஏப்ரல்லதான் விட்டாங்க.

கிளவுட் பக்கம் ஆப்பிளோட பிரைவேட் கிளவுட் கம்ப்யூட் (ஆப்பிள் ஏஐ வேலைகளை ஓட்டற அவங்க சர்வர் அமைப்பு) எனக்கு பிடிச்சிருக்கு. வேலை முடிஞ்சதும் டேட்டா சர்வர்ல தங்காது, அவங்க ஆளுங்களே உள்ள பாக்க முடியாதுங்கறாங்க, அதை வெளியாளுங்க சோதிச்சு பாக்க சாஃப்ட்வேரையும் வெளியிட்டு ஓட்டை கண்டுபிடிச்சா 10 லட்சம் டாலர் வரைக்கும் பரிசுனும் சொல்லியிருக்காங்க. கூகுளும் 2025 நவம்பர்ல இதே ரூட்ல வந்துடுச்சு. வெறும் பிரைவசி பாலிசிய நம்புறதுக்கு இது எவ்வளவோ மேல்.

ஆனா படிக்க படிக்க ஒண்ணு புரிஞ்சுது, ரெண்டுலயுமே பெரிய ஓட்டை அப்படியே இருக்கு: பிராம்ப்ட் இன்ஜெக்ஷன், அதாவது ஏஜென்ட் படிக்கற விஷயத்துக்குள்ளயே எவனாவது கட்டளைய ஒளிச்சு வைக்கறது. மாடலுக்கு நீங்க சொன்னது எது, மெயில்ல எவனோ எழுதி வச்சது எதுனு நம்பகமா பிரிக்க தெரியாது. 2025ல வெளிவந்த எக்கோலீக்ங்கற ஓட்டை அப்படித்தான், மைக்ரோசாஃப்ட்டோட ஏஐ உதவியாளர் கோபைலட் வச்சிருக்கறவருக்கு ஒரு மெயில் அனுப்பினா போதும், அவர் எதையும் கிளிக் பண்ணவே வேணாம், உள் டேட்டா வெளிய போகற வழி இருந்துச்சு (சரி பண்ணிட்டாங்க). உங்க லேப்டாப்ல ஓடுற மாடலும் இதே மாதிரிதான் ஏமாறும்.

அதனால நான் இப்ப பாக்கறது வேற: ஏஐ பத்தி நிறைய எழுதற புரோகிராமர் சைமன் வில்லிசன் சொல்ற மூணு விஷயம். சொந்த டேட்டா, வெளியாள் எழுதினது, வெளிய அனுப்பற வழி, மூணும் ஒரே ஏஜென்ட் கையில சேரக்கூடாது. ஏஜென்ட் செய்யற ஒவ்வொரு வேலைக்கும் பர்மிஷன் கேக்கற முறைய முதல்ல வச்சு பாத்தேன், மூணாவது நாளே படிக்காம ஓகே ஓகேனு தட்ட ஆரம்பிச்சுட்டேன், சத்தியமா. அதுக்கு ஏஜென்ட்டை தனியா அடைச்சு வைக்கற சாண்ட்பாக்ஸ் தேவலாம், ஒரே ஒரு ஃபோல்டர், நான் குடுத்த சைட் தவிர நெட்டே கிடையாது.

போன்ல மட்டும் இன்னும் எதுவும் போடலை. ஆண்ட்ராய்டுல அக்சசிபிலிட்டி பர்மிஷன் குடுத்தா ஸ்கிரீன்ல வர்ற ஓடிபி வரைக்கும் படிக்கும், யூபிஐ இருக்கற போன்ல எனக்கு அந்த தைரியம் இல்ல.