கேபின் உண்மை, ஆள் பொய்: தேங்க்ஸ்கிவிங் பயணத்தில் நாங்கள் இழந்த 2,250 டாலர்

நவம்பரில் வரும் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு, டென்னசியில் ஸ்மோக்கி மலையடிவாரத்தில் இருக்கும் கேட்லின்பர்க், பிஜன் ஃபோர்ஜ் பக்கம் கேபின் (வாடகைக்கு விடும் மலை வீடு) தேடிக்கொண்டிருக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். "ஓனரிடமே நேராக எடுத்தால் வாடகைத் தளத்தின் சர்வீஸ் ஃபீ மிச்சம்" என்று யாராவது சொல்லி, முன்பணம் அனுப்பலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். 2023-ல் எங்களுக்குப் பணம் மட்டும்தான் போனது. அதைவிட மோசமாக ஒன்று நடந்திருக்கலாம். அதையும் சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது ஜார்ஜியாவில், கம்மிங் என்ற ஊரில். நாத்தனார் குடும்பம் நாஷ்வில்லில், என் கல்லூரித் தோழி குடும்பம் ஷார்லட்டில். மூன்று ஊருக்கும் நடுவில் ஸ்மோக்கி மலை. யார் கிளம்பினாலும் ஏறக்குறைய நாலு மணி நேரம். அந்த வருஷம் மாமனாரும் மாமியாரும் கும்பகோணத்திலிருந்து வந்து ஆறு மாதம் எங்களோடு இருந்தார்கள். எல்லாரையும் ஒரே கூரையின் கீழ் மூன்று நாள் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை. பெரியவர்கள், பிள்ளைகள் சேர்த்து 12 பேர். ஐந்து படுக்கையறை வேண்டும், அதில் ஒன்று கீழ்த்தளத்தில் இருக்க வேண்டும். மாமியாருக்கு முழங்கால் வலி, மாடி ஏற முடியாது.

செப்டம்பர் கடைசியில், ஸ்மோக்கி மலை கேபின்களுக்கென்று இருக்கும் ஒரு சமூக வலைதளக் குழுவில் ஒரு பெண்மணியின் பதிவைப் பார்த்தேன். முன்வாசலில் மரத்தில் செதுக்கிய கரடி, பக்கத்தில் இரண்டு சிவப்பு ஆடும் நாற்காலிகள், பின்னால் மலை. ஐந்து அறை, கீழ்த்தளத்தில் ஒன்று. செய்தி அனுப்பினேன், ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. கேபினின் பெயரையும் முகவரியையும் கேட்டதும் கொடுத்தார். "பெரிய வாடகைத் தளத்திலும் போட்டிருக்கிறேன், அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அவரே சொன்னார்.

பார்த்தேன். அதே கேபின், அதே படங்கள், நிறைய நல்ல விமர்சனங்கள். எங்கள் தேதிகளும் காலியாக இருந்தன. அங்கே மூன்று இரவுக்கு வரி, சுத்தம் செய்யும் கட்டணம் எல்லாம் சேர்த்து 3,100 டாலர். இவர் கேட்டது 1,950, அதோடு திருப்பித் தரும் டெபாசிட் 300. எனக்குச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துபோனது. இத்தனை பேர் தங்கி எழுதியிருக்கிறார்களே, கேபின் இருப்பது உண்மைதானே என்று நினைத்தேன்.

நான் ஏமாந்த இடம் இதுதான். வீடு உண்மையா என்று பார்த்தேன். அந்த ஆள் அந்த வீட்டுக்கு உரியவரா என்று பார்க்கவில்லை. கேபின் உண்மை. அதன் உரிமையாளர் உண்மை. விமர்சனங்களும் உண்மை. என்னோடு பேசிக்கொண்டிருந்தவர் மட்டும் அந்த வீட்டுக்குச் சம்பந்தமே இல்லாதவர்.

நான்கு பக்க ஒப்பந்தம் அனுப்பினார். செல்லப்பிராணி கூடாது, இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது, ஹாட் டப்பில் குழந்தைகளைத் தனியாக விடக் கூடாது என்று எல்லாம் முறையாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன். வங்கிச் செயலியில் இருக்கும் ஸெல் வழியாகப் பணம் அனுப்பப் போனபோது, அவர் கொடுத்த எண்ணுக்கு வேறொரு பெயர் வந்தது. கேட்டேன். "என் கணவருடைய கணக்கு" என்றார். நம் வீடுகளிலும் அப்படித்தானே என்று விட்டுவிட்டேன். வீடியோவில் ஒரு தடவை வீட்டைக் காட்டச் சொன்னதற்கு, "உள்ளே ஆட்கள் தங்கியிருக்கிறார்கள், அவர்களைத் தொந்தரவு செய்ய முடியாது" என்றார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. மூன்று குடும்பமும் ஆளுக்கு 750 போட்டோம். அனுப்பியது நான்.

அக்டோபரில் மறுபடி அந்தப் பெரிய தளத்தில் பார்த்தபோது எங்கள் தேதிகள் மூடியிருந்தன. நமக்காகத்தான் ஓனர் அடைத்து வைத்திருக்கிறார் என்று சந்தோஷப்பட்டேன். உண்மையில் வேறொரு குடும்பம் முறைப்படி முன்பதிவு செய்திருந்தது.

நவம்பர் 22, புதன்கிழமை. தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தின நாள் சாலை எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். செரோக்கி வழியாக மலையேறி, 5,046 அடி உயரத்தில் இருக்கும் நியூஃபவுண்ட் கேப்பைத் தாண்டி இறங்கும்போது நன்றாக இருட்டிவிட்டது. வண்டிக்குள் ஐஸ்பெட்டியில் 14 பவுண்டு டர்க்கி (வான்கோழி). நாலைந்து பவுண்டுக்கு ஒரு நாள் என்ற கணக்கில் ஞாயிற்றுக்கிழமையே ஃபிரிட்ஜில் இறக்கி வைத்து உறைவு நீக்கி, இஞ்சி பூண்டு, மிளகு, தயிர் தடவி எடுத்து வந்திருந்தோம். மாமியார் மடியில் தோசை மாவுத் தூக்கு. அதைக் கீழே வைக்கச் சொன்னால் கேட்கவில்லை, வளைவுகளில் பொங்கிவிடுமாம்.

கேபின் வாசலில் கரடி இருந்தது. சிவப்பு நாற்காலிகள் இருந்தன. உள்ளே விளக்கெரிந்தது, இரண்டு வண்டிகள் நின்றன. நாஷ்வில்காரர்கள் முதலில் வந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று என் கணவர் போய், அன்று காலை அந்தப் பெண்மணி அனுப்பியிருந்த நான்கு இலக்க எண்ணைக் கதவுப் பூட்டில் அழுத்தினார். சிவப்பு விளக்கு. மறுபடி அழுத்தினார். சிவப்பு. நாலாவது தடவை அழுத்தும்போது உள்ளேயிருந்து ஓர் ஆண் குரல், "யாரது?" என்று அதட்டியது.

இதைத்தான் முதலில் சொன்னேன். இருட்டில், ஊருக்கு வெளியே தனி வீட்டில், முன்பின் தெரியாத ஒருவர் திரும்பத் திரும்பக் கதவைத் திறக்கப் பார்க்கிறார் என்றால் உள்ளே இருப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? டென்னசி மாநிலத்தில் வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் ஏராளம். அந்த மனிதர் பயத்தில் வேறு மாதிரி நடந்துகொண்டிருந்தால்? பணத்தை மறந்துவிடலாம். அந்த ஒரு நிமிடத்தை நினைத்தால் எனக்கு இன்னும் வயிற்றைக் கலக்குகிறது.

கதவு கொஞ்சமாகத் திறந்தது. அவருக்குப் பின்னால் அறுபது வயதிருக்கும் ஓர் அம்மா, கையெல்லாம் மாவு. என் கணவர் கைகளை உயர்த்திப் பிடித்தபடியே பின்னால் நகர்ந்து விஷயத்தைச் சொன்னார். நான் ஓடிப்போய் ஃபோனில் ஒப்பந்தத்தைக் காட்டினேன். அந்த அம்மா அதைப் படித்துவிட்டு, வண்டியில் உட்கார்ந்திருந்த மாமியாரைப் பார்த்தார். "முதலில் அவரை உள்ளே அழைத்து வாருங்கள், வெளியே குளிர்கிறது" என்றார். கேபினைப் பராமரிக்கும் அலுவலகத்துக்கு அவர்களே ஃபோன் செய்து கொடுத்தார்கள். மறுமுனையில் பேசியவர் எங்கள் ஒப்பந்தத்தில் இருந்த பெயரைக் கேட்டதும் பெருமூச்சு விட்டார். அந்த இலையுதிர் காலத்தில் அதே பெயரைச் சொல்லிக்கொண்டு வந்த இரண்டாவது கூட்டம் நாங்கள்.

கிளம்பும்போது அந்த அம்மா தான் செய்த பூசணி பை (pie) பலகாரம் ஒன்றை அப்படியே ஃபாயில் சுற்றி மாமியார் கையில் கொடுத்தார். மாமியாருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு தமிழிலேயே "நல்லா இருங்கம்மா" என்றார்.

அந்த வாரம் அங்கே எங்கும் அறை கிடையாது. இரவு பத்து மணிக்குமேல் பக்கத்து ஊரான செவியர்வில்லில் ஒரு மோட்டலில் மூன்று அறை கிடைத்தது, ஒன்று 189 டாலர். நடத்துபவர் குஜராத்திக்காரர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, வியாழக்கிழமை மதியம் காலை உணவு அறையை எங்களுக்கே விட்டுக்கொடுத்தார். தேங்க்ஸ்கிவிங் அன்று வால்மார்ட், காஸ்ட்கோ எதுவும் திறக்காது. ஊரிலிருந்து எடுத்துப்போன ரைஸ் குக்கரில் சாதம், தோழி கொண்டுவந்த புளிக்காய்ச்சல், ஒரு சிப்ஸ் பாக்கெட், அந்த அம்மா கொடுத்த பூசணிப் பலகாரம். அதுதான் விருந்து. காகிதத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு மாமனார், "இது நம்ம காணும் பொங்கல் மாதிரிதானேம்மா, எல்லாரும் வந்து சேர்ந்தாச்சு இல்லையா" என்றார். எனக்காகச் சொன்னார் என்று தெரியும்.

டர்க்கியை வேகவைக்க அங்கே ஓவன் இல்லை. உறைவு நீங்கிய பச்சை இறைச்சியை ஃபிரிட்ஜிலேயே இரண்டு நாளைக்குமேல் வைக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை காலை மோட்டலுக்குப் பின்னால் இருந்த குப்பைத் தொட்டியில் போட்டோம். சாப்பாட்டை வீணாக்கியே பழக்கமில்லாத மாமியார் அந்தப் பக்கமே வரவில்லை.

அப்புறம் பணத்தின் கதை. அன்றிரவே வங்கியைக் கூப்பிட்டேன். நீங்களாகவே அனுப்பிய பணம், உங்கள் ஒப்புதலோடு போனது என்றார்கள். இதை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். நம் கணக்கை யாரோ திருடிப் பணம் எடுத்தால் 1978-ம் வருஷச் சட்டம் நம்மைப் பாதுகாக்கிறது. நாமே விரும்பி அனுப்பிவிட்டு, பிறகு அது மோசடி என்று தெரிந்தால் அந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஸெல் என்பது நமக்குத் தெரிந்த, நம்பிக்கையான ஆட்களுக்கு அனுப்பத்தான் என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். போன பணம் சில நிமிடங்களில் எதிராளி கையில். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் கதை வேறு. ஸ்டேட்மென்ட் வந்து 60 நாளுக்குள் எழுதிக் கொடுத்து அந்தத் தொகையை மறுக்க 1974-லிருந்தே சட்டத்தில் வழி இருக்கிறது.

எஃப்பிஐயின் இணையக் குற்றப் புகார் மையத்திலும், நுகர்வோர் மோசடிப் புகார்களைப் பார்க்கும் அரசு அமைப்பான எஃப்டிசியிலும் புகார் கொடுத்தேன். உள்ளூர் காவல்துறையில் ஒரு புகார் எண் தந்தார்கள். பணம் வரவில்லை. நாத்தனாருக்கு அவள் பங்கைத் திருப்பி அனுப்பினேன். "எங்களுக்கும் சேர்த்துத்தானே அண்ணி அலைஞ்சீங்க" என்று திரும்ப எனக்கே அனுப்பிவிட்டாள். தோழியும் வாங்கவில்லை. அவர்கள் அப்படிச் செய்ததில் எனக்கு வலி கூடியதே தவிரக் குறையவில்லை.

எதைச் செய்திருந்தால் தப்பித்திருப்பேன் என்று பல இரவு யோசித்தேன். அந்தப் பெரிய தளத்துக்குள்ளேயே ஓனருக்கு ஒரு வரி அனுப்பியிருக்கலாம்: "வெளியில் வாடகைக்கு விடுவது நீங்கள்தானா?" அது போதும். இன்னொன்று, எனக்குப் பிறகுதான் தெரிந்தது. டென்னசியில் சொத்து யார் பெயரில் இருக்கிறது என்பது பொது ஆவணம். மாநிலத்தின் சொத்து மதிப்பீட்டுத் தளத்தில் முகவரியைப் போட்டால் உரிமையாளர் பெயர் வரும், காசு கிடையாது. நான் போட்டுப் பார்த்தேன். ஒப்பந்தத்தில் இருந்த பெயரும் அங்கே இல்லை, பணம் போன கணக்கின் பெயரும் அங்கே இல்லை. இரண்டு நிமிட வேலை. விலையையும் நிதானமாகப் பார்த்திருக்க வேண்டும். அந்தத் தளத்தில் சர்வீஸ் ஃபீ 390 டாலர்தான் போட்டிருந்தது. அதைக் கழித்தால் 2,710 வர வேண்டும். 1,950 எப்படி வரும் என்று நான் கேட்கவே இல்லை.

யாராவது இப்போதுதான் பணம் அனுப்பியிருந்தால், செயலியைத் திறந்து அது இன்னும் நிலுவையில் இருக்கிறதா என்று பாருங்கள். பெறுபவர் ஸெல்லில் இன்னும் பதிவு செய்யாமல் இருந்தால் மட்டும் ரத்து செய்ய முடியும். எப்படி இருந்தாலும் வங்கியை உடனே கூப்பிடுங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

போன மாதம் வேறொரு குழுவில், வேறொரு பெயரில், அதே படங்களைப் பார்த்தேன். இது பொய் என்று கீழே எழுதினேன். ஒரு மணி நேரத்தில் பதிவு காணாமல் போனது. இந்நேரம் இன்னொரு குழுவில் போட்டிருப்பார்கள். மரக்கரடி, இரண்டு சிவப்பு ஆடும் நாற்காலிகள், இடதுபுறத் தூணில் குதிரை லாடம் ஒன்று தொங்கும். அந்தப் படத்தைக் காட்டி யாராவது நேராகப் பணம் கேட்டால், ஒரு டாலர்கூட அனுப்பாதீர்கள்.