0.01 கிராம் பாக்கெட் தராசு: வெள்ளி டாலருக்குப் போதும், சவரன் காசுக்குப் போதாது

200 கிராம் வரை நிறுக்கும், 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு பல பெயர்களில் கிடைக்கிறது. உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரே மாதிரிச் சரக்குதான். போலி நாணயத்தைப் பிடிக்க, பூதக்கண்ணாடிக்கு முன்பே இதை வாங்கலாம்.

எடை மட்டும் பார்த்தால் பாதி வேலைதான். அமெரிக்க மோர்கன் டாலர் 26.73 கிராம், 90% வெள்ளி. போலி அடிப்பவனுக்கும் அந்த எடை தெரியும். அவனால் எளிதில் ஏமாற்ற முடியாதது அடர்த்தி. அதற்கு இந்தத் தராசே போதும். சின்ன பிளாஸ்டிக் டம்ளரில் 100 மி.லி. தண்ணீர் ஊற்றித் தட்டில் வைத்து, டேர் பட்டனை அழுத்திப் பூஜ்ஜியம் ஆக்குங்கள். மெல்லிய தூண்டில் நரம்பில் நாணயத்தைக் கட்டி, முழுக்க முங்கும்படி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் தொங்கவிடுங்கள். திரையில் வரும் எண்ணால் (அதுதான் காசின் கன அளவு) நாணயத்தின் எடையை வகுத்தால் அடர்த்தி. நல்ல மோர்கனுக்குத் திரையில் 2.59 அளவில் வரும், அதாவது அடர்த்தி 10.3. அதே எடையில் செம்பு-நிக்கல் போலி என்றால் 3.00ஐ ஒட்டிக் காட்டும். இவ்வளவு பெரிய இடைவெளியை எந்த மலிவுத் தராசும் தவறவிடாது.

தவறு நடப்பது தண்ணீரில்தான். எழுத்துப் பள்ளங்களில் காற்றுக் குமிழி ஒட்டினால் கன அளவு கூடி, நல்ல காசே போலியாகத் தெரியும். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு விட்டால் குமிழி நிற்காது. எண் திடீரென எகிறினால் காசு அடியில் தட்டிவிட்டது என்று பொருள்.

சவரனில்தான் இந்தத் தராசின் சாயம் வெளுக்கிறது. (சவரன் என்றதும் மனது 8 கிராமுக்குப் போகும், பிரிட்டிஷ் காசின் முறையான எடை 7.988.) 22 காரட், அடர்த்தி சுமார் 17.6, ஆகவே திரையில் வருவது 0.45 மட்டுமே. ஒரு இலக்கம் நழுவி 0.44 ஆனால் 18.2, 0.46 ஆனால் 17.4. பித்தளையைக் கண்டுபிடிக்கலாம், காரட்டைச் சொல்ல முடியாது. தங்கம் சேர்ப்பவர்கள் 0.001 கிராம் தராசுக்கே போய்விடுவது நல்லது.

எரிச்சலூட்டும் குறை, தானாக அணைவது. நரம்பைச் சரிசெய்து கொண்டிருக்கும்போதே திரை இருண்டு, டேரும் போய்விடும். எடைக்கல் கூடவே வராத மாடலை வாங்காதீர்கள். அது இல்லாமல் கேலிபரேஷன் (தராசு சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்துத் திருத்துவது) செய்ய வழியில்லை. கல்லை வெறும் விரலால் தொட வேண்டாம், எண்ணெய்ப் பிசுக்கும் எடைதான். மின்விசிறியை நிறுத்திவிட்டு நிறுங்கள்.

மரியா தெரசா தாலர் என்ற ஆஸ்திரிய வெள்ளிக் காசு போன்ற தேய்ந்த காசுகளுக்கு இந்த முறை தனிப் பலன் தரும். 28.07 கிராமில் கொஞ்சம் தேய்ந்து குறைந்திருந்தாலும் அடர்த்தி மாறாது, 10.2ஐ ஒட்டியே நிற்க வேண்டும். ஆனால் 1780-க்குப் பிறகு அடித்த எல்லா மரியா தெரசா தாலரிலும் 1780 என்றே இருக்கும். எந்தக் காலத்தில் அடித்தது என்பதைத் தராசு சொல்லாது.

சோதனை முடிந்ததும் காசைத் தேய்த்துத் துடைக்காமல், மென்துணியில் ஒற்றி எடுங்கள்.