எந்தக் கால் வரம்பில் நிற்கும்?

என் அண்ணன் முன்னாள் போராளி. மிதிவெடியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். வீட்டில் அவருடைய பொய்க்கால்கள் இரண்டு இருக்கின்றன. பொலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்த கால் கதவுக்குப் பின்னால் சாத்திக் கிடக்கிறது. ஜெய்ப்பூர் காலோடுதான் வயலுக்குப் போகிறார்.

பிளாஸ்டிக் காலைக் குறைசொல்ல மாட்டேன். செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழு 1990களில் பல போர் நாடுகளுக்குக் கொண்டுபோன நுட்பம் அது. பாரம் குறைவு, பாதம் கோணினால் திருகாணியைத் தளர்த்தி நிமிர்த்திவிடலாம். சப்பாத்து அணிந்து கந்தோருக்குப் போகிறவருக்கு அதுவே நல்லது. ஆனால் கணுக்கால் மடங்காது. குந்த முடியாது. வரம்புச் சரிவில் மரக்கட்டைதான்.

ஜெய்ப்பூர் பாதத்தை 1960களின் இறுதியில் மருத்துவர் பி. கே. சேதியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் வடிவமைத்ததே குந்துகிற, சம்மணமிடுகிற, வெறுங்காலில் நடக்கிற மனிதருக்காக. ரப்பர் பாதத்தில் விரல்களும் உண்டு. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் மணலில் அண்ணன் நடந்தபோது யாரும் குனிந்து பார்க்கவில்லை. அவருக்கு அது பெரிய விடயம். குறையும் இருக்கிறது: பாரம் கூட, செய்யும்போது கண்ணளவில் பிடித்த கோணத்தைப் பிறகு மாற்றுவது கடினம்.

காலின் முனை நுழையும் கிண்ணத்தில் வியர்வை தேங்குவது இரண்டிலும் ஒன்றுதான். மத்தியானம் கழற்றிக் கவிழ்த்தால் சொட்டும். அந்நேரம் இரண்டுக்கும் ஒரே ஏச்சு.

உண்மையான வித்தியாசம் கால்களில் அல்ல, யாருக்கு எங்கே பழுதுபார்ப்பு என்பதில் இருக்கிறது. இதே மண்ணில் கால் இழந்த படைவீரருக்கு கொழும்புக்குப் பக்கத்தில் ராகமையில் ‘ரணவிரு செவன’ என்ற இராணுவப் புனர்வாழ்வு நிலையம் இருக்கிறது. கால் செய்வதும் நடைபழக்குவதும் தொழில் கற்பிப்பதும் ஒரே வளவுக்குள். அண்ணன் யாழ்ப்பாணத்தில் 1987 முதல் இயங்கும் ஜெய்ப்பூர் நிலையத்துக்குப் போகவேண்டும். எங்கள் புதுக்குடியிருப்பிலிருந்து பரந்தனுக்கு ஒரு பஸ், அங்கிருந்து ஏ9 வீதியில் இன்னொன்று. ஒரு நாள் கூலியும் போய்விடும்.

ஆகவே பெருவிரலடியில் வெடித்த ரப்பரைச் சைக்கிள் கடைக்காரர் டியூப் ஒட்டும் பசையால் ஒட்டிக் கொடுத்திருக்கிறார். அறுவடை முடியும்வரை தாங்கினால் போதும் என்கிறார் அண்ணன்.