திருப்பாதிரிப்புலியூர் மரச்செக்குக் கடை: எண்ணெய் அருமை, மிக்சர் பாக்கெட் வேண்டாம்

கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கிற மரச்செக்குக் கடையில்தான் இப்போது எங்கள் வீட்டுக்கு எண்ணெய். கடலை விருத்தாசலம் பக்கத்திலிருந்து வருகிறது, நம் கண்ணெதிரிலேயே ஆட்டுகிறார்கள். ஆட்டிய அன்றைக்கே கேட்டால் கிடைக்காது, வெயிலில் வைத்து மண்டி அடியில் தங்கி எண்ணெய் தெளிந்த பிறகுதான் கேனில் ஊற்றுவார், அதில் கடைக்காரர் கறார். வடை சுட்டால் தெருவே மணக்கும். விலை மட்டும் பாமாயிலைப் போல இரண்டு மடங்குக்கு மேல்.

அவ்வளவு கொடுத்து ஏன் வாங்குகிறாய் என்று கேட்டால், ருசிக்காக மட்டும் இல்லை. உலகத்துப் பாமாயிலில் பெரும்பகுதி இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் விளைகிறது, அதிகம் இறக்குமதி செய்வது நாம். அங்கே போர்னியோ தீவில் பழங்குடிகள் தலைமுறை தலைமுறையாக அனுபவித்து வந்த காட்டுக்குப் பெரும்பாலும் பட்டா கிடையாது, அரசாங்கம் அதை எண்ணெய்ப்பனைத் தோட்டக் கம்பெனிக்குக் கொடுத்துவிடும், எதிர்த்துக் கேட்டால் மிரட்டலும் வழக்கும்தான். அந்தத் தீவில் மலேசியாவுக்குச் சேர்ந்த சரவாக்கில், ஈபான் பழங்குடி மக்களின் நிலத்துக்காக நின்ற பில் காயோங், 2016 ஜூன் 21 காலையில் மிரி நகரத்து சிக்னலில் வண்டியில் இருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். 2020 ஆகஸ்டில் அதே தீவின் இந்தோனேசியப் பகுதியான மத்திய கலிமந்தானில், கினிபான் ஊர்ப் பழங்குடித் தலைவர் எஃபெண்டி புஹிங்கை வீட்டிலிருந்தே போலீஸ் இழுத்துக்கொண்டு போனது. காடு வெட்ட வந்த கம்பெனி ஆட்களின் ரம்பத்தைப் பறிக்கச் சொன்னார் என்று வழக்கு. வீடியோ பரவி எதிர்ப்பு கிளம்பியது, மறுநாள் விட்டார்கள். நாம் வாங்கும் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் எண்ணெயை அடைத்த ஊர் இருக்கும், பழம் யாருடைய நிலத்தில் விளைந்தது என்பது இருக்காது. அதுதான் எனக்கு ஆறவில்லை.

ரேஷனில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கிற பாமாயிலை நம்பிச் சமைக்கும் வீடுகளை நான் ஒரு சொல் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதை மொத்தமாக வாங்குகிற அரசு, எந்தத் தோட்டத்து எண்ணெய் என்று டெண்டரிலேயே கேட்கலாம்.

சரி, கடைக்கு வருகிறேன். ஒரே குறை, கல்லாவுக்கு மேலே சரம் சரமாகத் தொங்கும் மிக்சர், காராசேவு பாக்கெட்டுகள். வெளியிலிருந்து வருபவை, பின்பக்கம் பொடி எழுத்தில் பாமோலின் என்று இருக்கிறது, அதுவும் பாமாயில்தான். காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துப் பார்த்துவிட்டு, "அடுத்த லோடு வேணாம்னு சொல்லிடறேங்க" என்றார். அப்புறம் போனபோதும் தொங்கிக்கொண்டுதான் இருந்தன. போகிறவர்கள் தூக்குவாளி கொண்டுபோங்கள், கேனுக்குத் தனிக் காசு. அந்த பாக்கெட்டுகளைப் பற்றி நீங்களும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.