பழைய வீட்டில் புரொஜெக்டர் மாட்டப் போகிறீர்களா? ஆளைக் கூப்பிடும் முன் இதைப் படித்துவிடுங்கள்

சென்னையில் பழைய வீட்டிலோ, ஃபால்ஸ் சீலிங் போட்ட ஃபிளாட்டிலோ புரொஜெக்டர் மாட்ட ஆள் தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். டேப் வைத்து அளக்கும் முன்பே டிரில்லை எடுக்கிற ஆளை அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் கூரையைக் கெடுத்தார்கள், படத்தையும் கெடுத்தார்கள், போடாத கேபிளுக்குப் பணமும் வாங்கிக்கொண்டு போனார்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை இங்கே போடவில்லை.

முதலில் எங்கள் ஹாலின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. வீடு திருவல்லிக்கேணியில், தாத்தா காலத்தது. மாடி ஹாலின் பின்பாதி மெட்ராஸ் டெரஸ், அதாவது மர உத்திரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய காலக் கூரை. தரையிலிருந்து கூரை 13 அடி. முன்பாதி பிற்பாடு இழுத்துக் கட்டியது. கான்கிரீட் தளம், உயரம் 9 அடிதான். இரண்டும் சேரும் இடத்தில் குறுக்கே ஒரு பீம். அதன் அடிப்பாகம் 8 அடியில் நிற்கிறது, ஸ்கிரீன் சுவரிலிருந்து 5 அடி தள்ளி. ஸ்கிரீனுக்குத் தோதான சுவர் முன்பாதியில், புரொஜெக்டர் வர வேண்டிய இடம் பின்பாதியில். ஆக, வெளிச்சம் உயரமான பக்கம் கிளம்பி, பீமுக்கு அடியில் நுழைந்து, தாழ்வான பக்கம் போய்ச் சேர வேண்டும்.

இந்த அளவுகளையெல்லாம் படம் வரைந்து, போட்டோவோடு வாட்ஸ்அப்பில் கடைக்கு முன்கூட்டியே அனுப்பியிருந்தேன். "இந்த மாதிரி எத்தனையோ வீடு பண்ணியிருக்கோம் சார், பசங்க பார்த்துப்பாங்க" என்று பதில் வந்தது. நேரில் வந்து ஒருமுறை பாருங்கள் என்று கேட்டதற்கு, அட்வான்ஸ் கொடுத்தால் வேலைக்கு வரும்போதே பார்த்துவிடுவார்கள் என்றார்கள்.

வேலை எப்படி நடந்திருக்க வேண்டும் என்பதற்குப் பெரிய கணக்கு ஒன்றும் இல்லை. மூலைக்கு மூலை 100 இன்ச் ஸ்கிரீன் என்றால் அகலம் சுமார் 87 இன்ச், உயரம் சுமார் 49 இன்ச். புரொஜெக்டரின் த்ரோ ரேஷியோ என்று மேனுவலில் ஒரு எண் இருக்கும். என்னுடையது 1.2 முதல் 1.5 வரை. அகலத்தை அதனால் பெருக்கினால், லென்ஸ் சுவரிலிருந்து ஏறக்குறைய 8 அடி 8 இன்ச் முதல் 10 அடி 10 இன்ச் தூரத்துக்குள் இருக்க வேண்டும் என்று கிடைத்துவிடும். இது எந்த இடத்தில் என்பதற்கான விடை. எந்த உயரத்தில் என்பதுதான் எங்களைப் போன்ற வீடுகளில் வம்பு. லென்ஸை மேலே கீழே நகர்த்தும் வசதி (லென்ஸ் ஷிஃப்ட்) இல்லாத புரொஜெக்டரைத் தலைகீழாகத் தொங்கவிட்டால், பெரும்பாலானவற்றில் படத்தின் மேல் விளிம்பு லென்ஸுக்குக் கொஞ்சம் கீழேதான் ஆரம்பிக்கும். என் ஸ்கிரீனின் மேல் விளிம்பு 6 அடி 7 இன்ச்சில். அப்படியென்றால் லென்ஸ் 7 அடி உயரத்தில் நிற்க வேண்டும். 13 அடிக் கூரையிலிருந்து 7 அடிக்கு இறக்க, கிட்டத்தட்ட 6 அடிக்குக் குழாய் வேண்டும்.

அவர்கள் கொண்டுவந்தது 3 அடிக் கம்பி. "இதுதான் சார் ஸ்டாண்டர்ட் சைஸ்."

மாட்டிய பிறகு லென்ஸ் 10 அடி உயரத்தில் நின்றது. அங்கிருந்து ஸ்கிரீனின் மேல் விளிம்புக்கு ஒரு நூல் கட்டினால் அது பீமில்தான் போய் முட்டும். படத்தின் மேல்பகுதி அரை அடிக்கு மேல் இருட்டாகிப்போனது. அதற்கு அவர்கள் செய்த வைத்தியம், ஸ்கிரீனைக் கீழே இறக்கியது. கீழ் விளிம்பு இரண்டடிக்கும் கீழே போய்விட்டது. முன்னால் யாராவது தரையில் உட்கார்ந்தால் பின்னால் இருப்பவருக்கு சப்டைட்டில் தெரியாது. லென்ஸைக் கீழ்நோக்கிச் சாய்த்ததில் படம் கீழே அகலமாகவும் மேலே குறுகலாகவும் விழுந்தது. உடனே ரிமோட்டை எடுத்து, கோணலை நேராக்கும் கீஸ்டோன் வசதியைத் தட்டி, நாலு மூலையையும் சதுரமாக்கிக் காட்டி, "பாருங்க சார், பர்ஃபெக்ட்" என்றார் வந்தவர்.

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். லென்ஸ் ஷிஃப்ட் என்பது லென்ஸை நகர்த்திப் படத்தை மேலே கீழே கொண்டுபோவது. அதில் பிக்சல் எதுவும் வீணாகாது. கீஸ்டோன் அப்படியில்லை. கோணலாக விழுகிற படத்தை நேராகக் காட்டுவதற்காக, புரொஜெக்டர் தன்னிடமுள்ள பிக்சல்களில் ஒரு பகுதியைப் பயன்படுத்தாமல் விட்டுவிட்டு, மீதியில் படத்தைச் சுருக்கி வரைகிறது. தெளிவும் வெளிச்சமும் குறையும். எழுத்துகளின் ஓரம் மழுங்கும். பயன்படாத பகுதியிலிருந்தும் மங்கலான வெளிச்சம் கசிந்து ஸ்கிரீனைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் பட்டை அடிக்கும். ஒன்றிரண்டு டிகிரிக்கு அது தேவைப்படலாம், தப்பில்லை. எங்கள் வீட்டில் அதை ஏறக்குறைய கடைசி எல்லை வரை தள்ளியிருந்தார்கள். 4கே என்று காசு கொடுத்து வாங்கிய பொருள், ஒரு இரும்புக் குழாயை நீளமாக வெட்டாததால் வீணானது.

ஃபேன் விஷயம் தனி. வெளிச்சம் போகிற வழியில் ஃபேன் இறக்கை குறுக்கிட்டுப் படம் படபடவென்று மினுங்கியது. "படம் பார்க்கும்போது ஃபேனை ஆஃப் பண்ணிடுங்க சார்." மே மாதத்தில், திருவல்லிக்கேணியில், ஏசி இல்லாத ஹாலில், எழுபது வயது தாண்டிய அம்மா உட்காரும் இடத்தில் இதைச் சொன்னார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கூரையில் செய்ததைப் பொறுக்க முடியாது. மெட்ராஸ் டெரஸ் என்பது தேக்கு உத்திரங்களை வரிசையாகப் போட்டு, அவற்றின் மேல் சின்னச் சின்னச் செங்கல்லைக் குத்துவாக்கில், கோணலாகச் சுண்ணாம்புக் கலவையில் பதித்துக் கட்டியது. மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும், அதற்கு மேல் தட்டு ஓடு. கான்கிரீட்டில் ஆங்கர் போல்ட்டை முடுக்கினால் அது விரிந்து துளையின் சுவரை இறுக்கிப் பிடிக்கும். சுண்ணாம்பும் பழைய செங்கல்லும் அந்த இறுக்கத்தைத் தாங்காது, உதிர்ந்துவிடும். இவர்கள் உத்திரங்களுக்கு நடுவில், செங்கல்லில், ஹேமர் டிரில்லை வைத்துக் குடைந்தார்கள். போல்ட் பிடிக்காமல் சுற்றியது. வேறு இடத்தில் குடைந்தார்கள், அங்கேயும் சுற்றியது. கடைசியில் துளைக்குள் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைக் குழைத்து அடைத்து, அது காய்ந்ததும் போல்ட்டைச் செருகிவிட்டு, "ஐம்பது கிலோ தாங்கும்" என்றார்கள். உத்திரத்தில் ஸ்க்ரூ போடக் கூடாதா என்று அப்போதே கேட்டேன். மரத்தில் வேலை செய்வது தங்கள் வேலை இல்லையாம்.

சில வாரங்களில் படம் ஒரு பக்கமாகச் சரிய ஆரம்பித்தது. சரிசெய்து வைத்தால் மறுபடி சரியும். அப்புறம் சோபாவில் செங்கல் தூள் விழுவதை அம்மா கவனித்தார். ஏணி போட்டு ஏறிப் பார்த்தால், பிளேட்டின் நான்கு போல்ட்டில் இரண்டு கையோடு வந்தன. அதற்கு நேர் கீழேதான் அவர் தினமும் உட்காருவது. அன்றே கழற்றி இறக்கினோம். கடைக்கு போன் செய்தால், "கூரை வீக்கா இருந்தா நாங்க என்ன சார் பண்றது?" நூறு வருஷ மழையைப் பார்த்த கூரையைத்தான் வீக் என்கிறார்கள்.

கழற்றும்போது கேபிள் விஷயமும் வெளியே வந்தது. எஸ்டிமேட்டில் 15 மீட்டர் ஃபைபர் ஆப்டிக் ஹெச்டிஎம்ஐ (செம்புக்குப் பதிலாக ஒளி இழை வழியே படத்தை அனுப்பும் கேபிள்) என்று எழுதிக் காசு வாங்கியிருந்தார்கள். கூரை ஏறி இறங்கி வருவதால் அவ்வளவு நீளம் தேவைதான். 4கே படம் வினாடிக்கு 60 ஃபிரேம் வர, கேபிளில் வினாடிக்கு 18 ஜிகாபிட் தகவல் போக வேண்டும்; அந்த நீளத்தில் சாதாரணச் செம்புக் கேபிளை நம்ப முடியாது, படம் விட்டுவிட்டு வரும். எங்களுக்கும் அப்படித்தான் வந்தது. ஃபைபர் ஹெச்டிஎம்ஐ கேபிளுக்குத் திசை உண்டு. ஒரு முனையில் சோர்ஸ் என்றும் மறுமுனையில் டிஸ்ப்ளே என்றும் அச்சடித்திருக்கும். எங்களுக்குப் போட்டதில் இரண்டு முனையும் ஒரே மாதிரி, எதுவும் எழுதவில்லை. விறைப்பான, தடித்த செம்புக் கேபிள். கேபிளை பைப்புக்குள் விடும் முன் இரண்டு முனையையும் வாங்கிப் பாருங்கள், போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது புரொஜெக்டர் ஒழுங்காகத் தொங்குகிறது. பழைய வீடுகளில் வேலை செய்து பழகிய ஒரு மேஸ்திரியும் அவருடைய ஆசாரியும் செய்து கொடுத்தார்கள். மேஸ்திரி வந்ததும் முதலில் கூரையைத் தட்டிப் பார்த்தார், பிறகு டேப்பை எடுத்தார். "தம்பி, இந்தக் கூரையில எடை எல்லாம் மரத்துலதான் நிக்கணும், கல்லுல தொங்கவிடக் கூடாது" என்றார். இரண்டு உத்திரங்களுக்குக் குறுக்கே கனமான மரப்பலகையை நீள ஸ்க்ரூவால் பூட்டி, அதிலிருந்து வெல்டிங் பட்டறையில் செய்த குழாயை இறக்கினார்கள். அவ்வளவு நீளக் குழாய் ஃபேன் காற்றில் ஆடும் என்பதால் இரண்டு பக்கமும் மெல்லிய கம்பியால் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். லென்ஸ் 7 அடியில், சோபாவுக்கு நேர் மேலே. நடக்கிற வழியில் இல்லாததால் தலை இடிக்காது. வெளிச்சம் ஃபேனுக்கும் பீமுக்கும் அடியில் போகிறது. ஸ்கிரீன் பழைய உயரத்துக்கே திரும்பிவிட்டது, கீஸ்டோன் பூஜ்யத்தில் இருக்கிறது. குடைந்த துளைகளைச் சிமென்ட் இல்லாமல் சுண்ணாம்புக் கலவையால் அடைத்திருக்கிறார். ஐப்பசி மழை வந்தால்தான் மேலே விரிசல் விட்டிருக்கிறதா என்பது தெரியும். என் கவலை இப்போது அதுதான்.

ஃபிளாட்டில் இருப்பவர்களும் கவனியுங்கள். நாவலூரில் என் மைத்துனர் வீட்டில் ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங்கிலேயே ஸ்க்ரூ போட வந்தார் வேறொரு ஆள். அந்த போர்டு பெரும்பாலும் 12.5 மில்லிமீட்டர் தடிமன்தான். புரொஜெக்டரைச் சுமக்க ஏற்பட்டதில்லை. போர்டைத் துளைத்து மேலேயுள்ள கான்கிரீட் தளத்தில் ஆங்கர் அடித்து, அங்கிருந்துதான் குழாயை இறக்க வேண்டும். சில புதிய அடுக்குமாடிகளில் தளத்துக்குள் இழுத்துக் கட்டிய ஸ்டீல் கேபிள்கள் இருக்கும், போஸ்ட் டென்ஷன் என்பார்கள். அங்கே அசோசியேஷனையோ பில்டரையோ கேட்காமல் ஆழமாகத் துளைக்கவே கூடாது.

பில் பற்றியும் சொல்ல வேண்டும். கேட்டதற்கு, "பில் வேணும்னா 18 பர்சன்ட் எக்ஸ்ட்ரா சார்" என்று பேச்சை மாற்றி, கடைசியில் ஒரு துண்டு எஸ்டிமேட்டைத்தான் தந்தார்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி பில் தராததே முறையற்ற வணிக நடைமுறை. அந்தத் துண்டுச் சீட்டு, வாட்ஸ்அப் உரையாடல், யூபிஐ ரசீது, போல்ட் கழன்ற போட்டோ எல்லாவற்றையும் சேர்த்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். அதற்குப் பிறகுதான் கடையிலிருந்து அவர்களாகவே கூப்பிட்டு, பாதிப் பணம் தருவதாகச் சொன்னார்கள். கேபிள் பணம் முழுவதும், கூரையைச் சரிசெய்த செலவும் வேண்டும் என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன். வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். மனு தயாராக இருக்கிறது.